நீலம் போட்ட சுவர்

நூம்பலைத் தாண்டி இருந்த மாதா கோயில் ஹாலில் ஒரு புரொஜெக்டர் இருந்தது. அதற்கு மூன்று கண். சிவப்புக்கு ஒரு பிக்சர் டியூப், பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் குண்டான் அளவு லென்ஸ். பட்டணத்தில் ஏதோ ஒரு ஓட்டல்காரர்கள் புதுசு வாங்கியபோது பழசை எறிய மனசில்லாமல் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்கள். தூக்க நான்கு பேர் வேண்டும். தூக்கிய நான்கு பேரில் நானும் ஒருவன், அன்றைக்குப் பிடித்த இடுப்பு இன்றைக்கும் மழை வந்தால் சொல்லும்.

நான் மாதா கோயிலுக்குப் போகிறவன் இல்லை. எங்கள் குடும்பம் அந்தப் பக்கத்தில் நெல் போட்ட குடும்பம், எங்களுக்கு அம்மன். ஆனால் வானகரத்தில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்ததால் அந்த மெஷின் என் தலையில் விழுந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, ஜன்னல்களைத் துணி போட்டு மூடிவிட்டு ஹாலில் படம் போடுவார்கள். கிரிக்கெட் இருந்தால் கிரிக்கெட். யார் வீட்டிலாவது கல்யாணம் முடிந்து கேசட் வந்திருந்தால் அது.

படம் பெரிதாக இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரர்கள் நடித்த படம் போட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நம்மூர்க் கல்யாண கேசட்டைப் போட்டால்தான் வண்டவாளம் தெரியும். மேடையில் ஃபோகஸ் லைட்டுக்குக் கீழே மாப்பிள்ளையும் பெண்ணும் தகதகவென்று இருப்பார்கள். அவர்களைத் தவிர்த்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்த முந்நூறு பேருக்கும் முகம் இருக்காது. வேட்டி தெரியும், சட்டை தெரியும், சிரித்தால் பல் தெரியும்.

கோயில்பிள்ளை என்று ஒருவர் இருந்தார். கோயிலைத் திறப்பது, மணியடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது எல்லாம் அவர்தான். ஹால் சாவியும் அவர் இடுப்பில்தான். அவருக்கு இந்த விஷயத்தில் ஒரு குழப்பமும் இல்லை.

"நம்ம ஆளுங்க கலரு அப்டி அண்ணாத்தே. அதுக்கு மெஷினு இன்னா பண்ணும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறும். கலரில் ஒன்றும் இல்லை, கோளாறு சர்க்யூட்டில் என்பேன். அவர் பாவம் என்று என்னைப் பார்ப்பார்.

என் கடைக்கு எதிரே ஒரு அக்கா தையல் மெஷின் போட்டிருந்தார். ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம். அவர் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர், எனக்கும் நன்றாகப் பழக்கம். ஒரு நாள் காலையில் வேலைக்குப் போகும்போது பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அப்போது அவர்கள் மகளுக்கு மூன்று வயது. நான் சொல்லும் சமயத்தில் அவள் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த மனுஷன் உயிரோடு இருந்தவரை கேமராவைக் கண்டால் ஓடுவார். "போட்டோல என்து பல்லு மட்டும்தான் தெரியும், அதுக்கு எதுக்கு காசு" என்பார். கடைசியில் மிஞ்சியது கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த ஒரே ஒரு படம். அதைப் பெரிதாக்கிக் கொடுத்த ஸ்டூடியோக்காரன் இறந்தவருக்கு மரியாதை செய்வதாக நினைத்து, முகத்தை டச்சப் செய்து எலுமிச்சை நிறமாக்கி, உதட்டில் லேசாக ரோஸ் வேறு தடவியிருந்தான். சீரியல் பல்பு போட்டு அக்கா வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தில் இருந்தவரை எனக்கு அடையாளமே தெரியாது. மகளோ அப்பா நல்ல சிவப்பு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். "உன்னப் பாத்தா அப்டித் தெரிலயே" என்று யாரோ கேட்டுவிட, அழுதுகொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் அக்கா ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். அவர் வீட்டுக்காரரின் சிநேகிதர் கல்யாணம். அதில் ஒரு இடத்தில் வீட்டுக்காரர் சாம்பார் வாளியோடு நடந்து போகிறாராம், கேமரா வருவதைப் பார்க்கவில்லையாம். என் கடை டி.வி.யில் போட்டுக் காட்டினார். நான்கு வினாடி. ஒரு பக்கம் மேடை வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. இன்னொரு பக்கம் மூலையில் ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு வாளி, ஒரு வரிசைப் பல். நடுவில் கும்மிருட்டு.

"தம்பி, கோயில் மெஷின்ல பெர்சா போட்டா மூஞ்சி தெரியுமா?"

"பெருசா போட்டா இருட்டும் பெருசாத்தான்க்கா தெரியும்."

"அப்டியா," என்று கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இவளுக்கு ஒரே ஒரு வாட்டி அவங்கப்பா மூஞ்சிய காட்டிடலாம்னு பாத்தேன். அந்த போட்டோவப் பாத்து பாத்து, யாரையோ அப்பான்னு நெனச்சிகினு கீது."

நான் சொன்னது உண்மைதான். ஆனாலும் அப்படி வெடுக்கென்று சொல்லியிருக்க வேண்டாம். இரண்டு நாள் பழைய சர்க்யூட் புத்தகங்களைப் புரட்டினேன். மூன்றாம் நாள் கோயில்பிள்ளையிடம் போய்ச் சாவி கேட்டேன்.

விஷயம் இதுதான். கேசட்டிலிருந்து வரும் சிக்னல், புரொஜெக்டருக்குள் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போது நடுவில் ஒரு கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கும். அது படத்தில் ஏறி இறங்குவதை மட்டும் விடும், எது நிஜமான கறுப்பு என்ற அளவை விடாது. அதனால் படத்தில் ஒரு பக்கம் வெளிச்சம் அதிகமானால் மொத்தமும் கீழே சரியும். கறுப்புக்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் கறுப்புக்குள்ளேயே போய்விடும். மேடையில் லைட் போடப் போட மூலையில் இருப்பவனுக்கு முகம் போகும். இதற்கு மருந்து கிளாம்ப் என்கிற சின்ன சர்க்யூட். படத்தை வரையும் ஒவ்வொரு கோடும் ஆரம்பிக்கும் முன்னால் "இதுதாண்டா கறுப்பு" என்று மெஷினுக்கு ஞாபகப்படுத்தும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்தக் காலத்து டி.வி.க்களில் பாதிக்கு அது கிடையாது, ஓட்டல்காரன் கொடுத்த மெஷினிலும் கிடையாது.

ஒரு மாதம் ஆயிற்று. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் போர்டுகளை எடைக்கு வாங்கி, அதிலிருந்து வேகமான டிரான்சிஸ்டர்களைக் கழற்றினேன். டியூப் கழுத்தில் மாட்டும் மூன்று போர்டிலும் பழசை எடுத்துவிட்டு அவற்றைப் போட்டேன். கிளாம்பைத் தனியாக ஒரு தட்டில் கட்டி உள்ளே நுழைத்தேன். முதல் தடவை போட்டபோது படம் முழுக்கச் சாய்வாகக் கோடு. இரண்டாம் தடவை எல்லாம் வெளுத்துப் புகை மண்டலம். மூன்றாம் தடவை எனக்கு ஷாக் அடித்து ஸ்டூலிலிருந்து விழுந்தேன். கோயில்பிள்ளை பக்கத்திலேயே நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். விழுந்தவனைத் தூக்காமல் ஜெபத்தை முடித்துவிட்டுத்தான் தூக்கினார்.

நாலாம் தடவை நின்றது. கிரிக்கெட் கேசட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஸ்டாண்டில் நிழலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் மூக்கும் கண்ணும் முளைத்திருந்தன. சுவர் பழசாகி மஞ்சளாய் இருந்ததால் வெள்ளைச் சட்டையும் மஞ்சளடித்தது. நீல டியூபைக் கொஞ்சம் தூக்கி வைத்து அதைச் சரி செய்தேன். கோயில்பிள்ளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மெய்யாலுமே மெஷினு கோளாறுதாம்பா" என்றார். ஒரு மனிதனிடமிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

அக்காவின் கேசட்டை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. அந்த முகத்தை முதலில் அவர்கள்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நல்ல எண்ணம் என்றுதான் அப்போது தோன்றியது. வெறும் திமிர். எந்த மெக்கானிக்கும் சோதிக்காமல் பார்ட்டியைக் கூப்பிட மாட்டான்.

அடுத்த ஞாயிறு மதியம் இருவரையும் வரச் சொன்னேன். அக்கா பட்டுப்புடவை கட்டி, மகளுக்குப் பூ வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். மாதா திருவிழா நெருங்கிவிட்டதால் ஹாலுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். சுண்ணாம்பு வாசம் மூக்கில் ஏறியது. சுவர் பளிச்சென்று இருந்தது. எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. தவக்காலத்தில் சுரூபச் சிலைகளை மூடும் ஊதாத் துணிகளை ஜன்னல்களில் கட்டினோம். கேசட்டை ஓடவிட்டேன்.

முகம் வந்தது. அவரேதான். அதே அகலமான நெற்றி, ஒரு பக்கம் மேலேறிய புருவம், லேத்தில் இரும்புச் சீவல் தெறித்து வந்த கன்னத் தழும்பு. ஆனால் நிறம் அவருடையது இல்லை. சாம்பலில் நீலம் பிசைந்த மாதிரி, உதடு கருநீலமாக, அந்த முகம் பல்லைக் காட்டிக்கொண்டு சுவரில் நகர்ந்தது.

அக்கா எழுந்துவிட்டார். மகளின் கண்ணைக் கையால் பொத்தி, தரதரவென்று வெளியே இழுத்துக்கொண்டு போனார். நான் கேசட்டை நிறுத்திவிட்டுப் பின்னால் ஓடினேன். கோயில் வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

"ஆஸ்பத்திரில துணிய வெலக்கி காட்னாங்களே, அந்த மூஞ்சி தம்பி அது. ஒதடெல்லாம் நீலம் பாஞ்சி. அதுக்கா கூப்ட்ட என்ன?"

அவர் மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் போய்விட்டார். மறுநாளிலிருந்து அவர் தையல் மெஷினைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். நாள் முழுக்க எதிர்க்கடைக்காரரின் முதுகைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வது லேசான காரியம் இல்லை. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தை வாடிக்கையாளர்கள் மேல் காட்டினேன்.

முதலில் ஜன்னல் துணியைச் சந்தேகப்பட்டேன். ஊதாவை எடுத்துவிட்டுக் கோணிப்பை கட்டினேன். நீலம் போகவில்லை. நீல டியூபைச் சந்தேகப்பட்டேன், சிவப்பு டியூபைச் சந்தேகப்பட்டேன், என் பிறப்பையே சந்தேகப்பட்டேன். மூன்று போர்டையும் கழற்றி ஒவ்வொரு சால்டரையும் திரும்ப வைத்தேன். ஒன்றும் மாறவில்லை. கடைசியில் சலித்துப்போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். எழுந்தபோது என் வெள்ளைச் சட்டையின் முதுகில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. கழற்றிக் குழாயடியில் அலசினால் தண்ணீர் நீலமாக ஓடியது.

கோயில்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"சுண்ணாம்புல என்ன கலந்தீங்க?"

"துணிக்கு போடற நீலந்தான். அடிக்க சொல்ல எப்பவும் ஒரு பாக்கெட்டு போடுவோம்," என்றவர் முகம் மலர்ந்தது. "இந்த வாட்டி உன் படத்துக்கோசரம் ஆறு பாக்கெட்டு போட்டேன் அண்ணாத்தே. சொவுரு வெள்ளையா இருந்தாத்தான படம் ஜோரா தெரியும்?"

அந்த மனிதனை என்ன செய்வது? அன்பாகக் கலந்திருக்கிறார். மஞ்சள் சுவருக்காக நான் ஏற்கெனவே நீலத்தைத் தூக்கி வைத்திருந்தேன். அதற்கு மேல் அவர் ஆறு பாக்கெட் போட்டிருந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு மனுஷனை இரண்டாம் தடவை சாகடித்திருந்தோம்.

சரி, சுவர் வேண்டாம், திரை கட்டலாம் என்று வெள்ளைத் துணி தேடினேன். என் வேட்டியைக் கட்டிப் பார்த்தேன்; என் மனைவி நீலம் போட்டு அலசியிருந்தாள். கோயில்பிள்ளை வீட்டுப் படுக்கை விரிப்பு, நீலம். பீடத்துத் துணி ஒன்றை ஃபாதருக்குத் தெரியாமல் எடுத்துவந்தார், அதில் எல்லாவற்றையும்விட அதிக நீலம். நம் ஊரில் வெள்ளை என்று ஒரு நிறமே கிடையாது என்பதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். கல்யாணத்துக்கும் சாவுக்கும் நாம் கட்டுவதெல்லாம் வெளிர் நீலம். சுவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, மெஷினில் சிவப்பைத் தூக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். எவ்வளவு தூக்குவது? அந்த மனுஷனின் நிறம் எனக்குச் சுமாராகத்தான் ஞாபகம் இருந்தது.

அக்காவிடம் போனேன். சுவரைப் பார்த்துத் தைத்துக்கொண்டிருந்தவரின் முதுகுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். நீலப் பாக்கெட் கதையைக் கேட்டபோது மெஷின் ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

"வோணாம் தம்பி. நீ தப்பு பண்லன்னு புரிது. ஆனா அந்த மூஞ்சிய இன்னொரு வாட்டி பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

ஓரத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"அன்னிக்கி நான் அழுதப்போ அப்பா கலருதான் எனக்குன்னு சொன்னியேம்மா. நான் போய் பாத்துட்டு வந்து சொல்றேன்."

அக்கா கையிலிருந்த ஜாக்கெட்டின் ஓரத்தைத் தைத்து முடித்தார். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "இட்டுகினு போ," என்றார்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவளை ஹாலுக்கு அழைத்துப் போனேன். வாளியைப் பிடித்த கை தெரியும் இடத்தில் பாஸ் பட்டனை அழுத்திக் கேசட்டை நிறுத்தினேன். படம் நடுங்கியது, நடுவில் ஒரு கோடு ஓடியது, பரவாயில்லை. பக்கவாட்டு ஜன்னலில் கோணியை நாலு விரல் விலக்கி வெளிச்சம் விட்டு, அந்த வெளிச்சத்தில் அவள் கையைச் சுவரில் இருந்த கைக்குப் பக்கத்தில் நீட்டச் சொன்னேன். நீலத்தைக் கொஞ்சம் இறக்கினேன். சிவப்பைக் கொஞ்சம் ஏற்றினேன்.

"இப்ப?"

"இன்னும் செத்துப்போன மாதிரியே கீது மாமா."

ஏற்றினேன். "இப்ப?"

"இப்ப செங்கல்லு மாதிரி கீது."

இப்படியே அரைமணி நேரம். கடைசியாகச் சிவப்பை ஒரு நூல் இறக்கினேன். திரும்பிப் பார்த்தால், சுவரில் இருந்த கையையும் தன் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஜன்னலை மூடிவிட்டு ஓடவிட்டேன். முகம் வந்தது, இந்தத் தடவை பஸ் ஸ்டாப்பில் பீடி பிடித்துக்கொண்டு என்னிடம் அரட்டை அடித்த அதே மனுஷன். அவள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். கேசட்டைத் திருப்பி இரண்டாம் தடவை போட்டபோது கையை நீட்டினாள்.

"மாமா, அப்பாவுக்குப் பின்னால யாரோ நிக்கிறாங்க."

நானும் அப்போதுதான் பார்த்தேன். கறுப்பாய் இருந்த மூலையிலிருந்து காப்பித்தூள் நிறத்தில் ஒரு புடவை வந்திருந்தது. காப்பித்தூள் நிறம் என்பது முக்கால்வாசி சிவப்பு. நீலச் சுவரில் அது எழும்பியே இருக்காது. புடவைக்கு மேலே ஒரு பெண்ணின் முகம், இடுப்பில் ஒரு குழந்தை. யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. கோயில்பிள்ளையிடம் அவளை விட்டுவிட்டு, அவர் சைக்கிளை வாங்கிக்கொண்டு நானே வானகரத்துக்கு மிதித்தேன்.

"அக்கா, ஒரு ஆள அடையாளம் காட்டணும். நீங்கதான் வரணும்."

என்ன நினைத்தாரோ, கழுத்தில் இன்ச் டேப்போடு அப்படியே கிளம்பி வந்தார். ஹாலில் மகளைப் பிடித்துக்கொண்டு, பாதி திரும்பியபடிதான் உட்கார்ந்தார். நான் போட்டேன்.

முதல் தடவை அவர் அழுதார். அதை நான் எழுதப் போவதில்லை. இரண்டாம் தடவை, கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"ஐயய்ய, அது நான்டி," என்றார். "நான் உள்ள பொண்ணு ரூம்ல இருந்தேன்னு இல்ல நெனச்சிகினு கீறேன் இத்தன வருசமா. அந்தப் பாழாப்போன புடவையா கட்டிகினு போனேன்? இடுப்புல கீறது நீ."

மூன்றாம் தடவை மூவரும் கையைப் பார்த்தோம். வாளி அவருடைய வலக்கையில் இருந்தது. போகிற போக்கில் இடக்கையால் குழந்தையிடம் ஒரு அப்பளத்தை நீட்டுகிறார். குழந்தை எட்டிப் பிடிக்கிறது. அதற்குத்தான் அந்த மனுஷன் பல்லைக் காட்டியிருக்கிறார். கேமரா அங்கே இருந்ததே அவருக்குத் தெரியாது. உடனே படம் வெட்டி மேடைக்குப் போய்விடுகிறது, பெண்ணுக்கு யாரோ மோதிரம் போடுகிறார்கள்.

"அப்பா எனக்கு அப்பளம் குடுக்குது," என்றாள் மகள். கொஞ்ச நேரம் கழித்து, "நான் தின்னேனாம்மா?" என்று கேட்டாள்.

"தின்ன," என்றார் அக்கா. "முழுசா தின்ன. அப்பால இன்னொண்ணு கேட்ட. அதயும் கொண்டாந்து குடுத்தாரு."

இன்னொரு வாட்டி போடச் சொன்னாள். போட்டேன். படம் வெட்டுவதற்குச் சற்று முன்னால், குழந்தையின் கையிலிருந்து அப்பளம் நழுவிக் கீழே போவது எனக்குத் தெரிந்தது. அது இரண்டாக உடைந்ததுகூடத் தெரிந்தது. அந்த அளவுக்குச் சுத்தமாக வேலை செய்திருந்தேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவரும் பார்த்திருந்தார்.

"போதும் தம்பி," என்றார். நான் மெஷினை அணைத்துவிட்டு, ஜன்னல் ஜன்னலாகப் போய்க் கோணிகளை அவிழ்க்க ஆரம்பித்தேன்.